மாப்பிள்ளைச் சிமெண்ட்

சிமெண்டுக்குக் காது உண்டு என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் காது முளைத்த எதுவும் நாளாவட்டத்தில் ஆளைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ளும் என்பது நாலு பேரோடு பழகியவர்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அப்படிப் பழகியவர்கள் இல்லை போலிருக்கிறது.

சிமெண்டின் பெயர் அரண். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, சேந்தனேந்தல் என்ற ஊருக்கு வெளியே, உடைமரக் காட்டைத் தள்ளிவிட்டு நின்ற, வாயுக் கிணறு துளைக்கும் ரிக்கில் யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை என்றார்கள். சும்மா சொல்லவில்லை. அதற்கு இதமான சூடு வேண்டும். குழாய் வழியே சிறிது மின்சாரம் ஊட்ட வேண்டும். ஊட்டுவது கொஞ்சம் தாமதமானாலும் முறுக்கிக்கொண்டு இறுகாமல் கிடக்கும். புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த மாப்பிள்ளையைக் கிணற்றுக்குள் இறக்கியவள் ஜோவிட்டா. வேம்பாற்றுக்காரி. நாற்பதைத் தொட்டுவிட்டாள். ரிக்கில் சிமெண்ட் வேலைக்குப் பொறுப்பாளர். அவள் இறக்கிய சிமெண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சோதனை சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் கிணற்றின் தலையில் இருக்கும் பெரிய வால்வைத் திறக்க அவள் மறுத்தாள். கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

வாயுவுக்குக் கிணறு போடுவதை வெறும் துளை போடுவதாக நினைத்துவிடக் கூடாது. துளைக்குள் இரும்புக் குழாயை இறக்குவார்கள். அதுதான் கேசிங். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடுக்கில், கீழிருந்து மேலாகச் சிமெண்டை ஏற்றி நிரப்புவார்கள். அது மண்ணையும் இரும்பையும் இறுகப் பிடித்தால்தான் கீழே கிடக்கும் வாயுவும் உப்புநீரும் குழாயின் புறத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்து குடிநீரில் கலக்காமல் இருக்கும். முன்பெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று கேசிங் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சிமெண்ட் போட்டார்கள். அரண் வந்த பிறகு ஒன்றே போதும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அரணுக்குள் நுண்ணுயிர்கள் இருந்தன. விரிசல் விட்டால் அவை நார் இழைத்து, நாரை விறைக்கவைத்து, விரிசலை மூடிவிடும். இப்படித் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ளும் சிமெண்ட் இருக்கும்போது எதற்கு இத்தனை இரும்பு என்று கேட்டவர்களுக்கு அப்போது யாரிடமும் பதில் இல்லை.

சேந்தனேந்தலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஊறும் மணல் படுகை ஒன்று இருந்தது. கடல் ஏறி ஏறிச் சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்ட காலம் அது. அந்த மணலை நம்பித்தான் பக்கத்து ஊர்களும் குடித்தன, சமைத்தன, பிள்ளைகளைக் குளிப்பாட்டின. அது ஒருமுறை கெட்டால் கெட்டதுதான். அதைக் கழுவித் துடைத்து மறுபடி நல்லதாக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் வழியில்லை.

அந்த ரிக்கில் ஒரு வழக்கம் இருந்தது. சிமெண்ட் போட்ட கைதான் அடுத்த துளைப்புக்கு வால்வைத் திறக்க வேண்டும். எந்த விதியிலும் அது எழுதப்படவில்லை. ஆனால் வேறொருவர் போட்ட சிமெண்டின்மேல் கைவைக்க எந்த ரிக்காரனும் ஒப்பமாட்டான். திறந்தவர் அந்தக் கிணற்றுக்குக் காலத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஜோவிட்டா திறந்தால் துளைப்பான் கீழே இறங்கிப் பெரிய வாயுப் படுகையைத் தொடும். அவள் திறக்கிற வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

வாயு எடுக்கும் கம்பெனியின் பொறுப்பு மேலாளர் திவாகர் கெட்டவர் இல்லை. சென்னையிலிருந்து வந்தவர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். தாமதம் மட்டும் அவருக்கு ஆகாது. சோதனைப் படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு ஜோவிட்டாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“இவ்வளவு சுத்தமான சோதனையை நான் பாத்ததே இல்ல மேடம்.”

“நானும் பாத்ததில்ல சார். அதான் திறக்கல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது ஒரே ஓர் இடம். குடிநீர் மணலுக்குச் சற்றுக் கீழே, துளைக்கும்போதே மண் சரிந்து, துளை பானை வயிறுபோல அகன்றிருந்தது. அங்கே குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பக்கத்தில் சிமெண்ட் நுழைய இடமே இல்லை. அதற்கும் கொஞ்சம் கீழே, வழியில் எதிர்ப்பட்ட சின்ன வாயு மணல் ஒன்று வேறு இருந்தது. ஆக, உலகத்தில் எந்தச் சிமெண்டும் சரியாகப் பிடிக்காத இடம் அது. சோதனைப் படமோ மேலேயும் கீழேயும் எப்படியோ அப்படியே அந்த இடத்திலும் பிடிப்பு அருமை என்று சொன்னது. பொய் சொல்பவர்கள்தான் எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

சோதனை என்பது இதுதான். ஒலிக்கருவி ஒன்றைக் கம்பியில் கட்டிக் குழாய்க்குள் இறக்குவார்கள். அது போகிற வழியெல்லாம் குழாயைத் தட்டும். சிமெண்ட் பிடித்திருந்தால் ஓசை அமுங்கிவிடும். பிடிக்காத இடத்தில் காலிக் குடத்தைத் தட்டினதுபோலக் கணகணக்கும். கருவி உள்ளே இருக்கும்போதே வெளியிடுக்கின் அழுத்தத்தையும் பார்த்துக் குறித்துவிடுவது எல்லா ரிக்கிலும் பழக்கம். ஒரே வேலையாக முடிந்துபோகுமே என்று. பின்னால் கிணற்றில் நிரந்தரமாகப் பொருத்துகிற அழுத்தமானியும் ஒலியால் அளப்பதுதான். ஆக, ஓசை இல்லாத நேரத்தில் அரண் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இதுவரை ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஜோவிட்டாவும் வேண்டுமென்று பார்க்கவில்லை. அவளிடம் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற பழைய பித்தளை கேஜ் ஒன்று இருந்தது. மறுபடி ஒலிக்கருவியை இறக்கச் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் வெளியிடுக்கில் மாட்டினாள். முள் அசையவில்லை. கருவியை மேலே எடுத்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவளுக்குப் பசி இல்லை. அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்த நேரத்தில் முள் மெதுவாக ஏறியது. கீழிருந்து வாயு கசிந்து இடுக்கில் ஏறினால்தான் அது ஏறும்.

கேஜில் கோளாறாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆட்கள் திரும்பி வந்ததும் கருவியை மறுபடி இறக்கச் சொன்னாள். ஓசை கிளம்பியதும் முள் இறங்கி வந்து பழைய இடத்தில் நின்றது. அப்புறம் ஓசையை நிறுத்திவிட்டு வெறும் கருவியை மட்டும் உள்ளே விடச் சொன்னாள். கம்பிக்காரப் பையன்கள் அம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். முள் ஏறியது. ஓசை, இறங்கியது. நிறுத்தம், ஏறியது.

ரிக்கின் தலைவர் வழிவிட்டான் அவள் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்துக்காரர். பெயர்தான் வழிவிட்டான். ஒரு விஷயத்தில் நின்றுவிட்டால் அவரை நகர்த்த ரிக்கையே நகர்த்த வேண்டும்.

“மாமனார் வீட்டுக்காரவுக எதிர்ல நிக்கும்போது ஒழுங்கா இருக்கு,” என்றார் அவர். “அங்கிட்டுத் திரும்புனா அவுத்துப் போட்டுட்டுப் படுத்துக்குது. அப்படித்தானம்மா?”

அப்படித்தான் என்று அவள் சொன்னாள். சொன்ன பிறகு பயமாக இருந்தது. ஊரின் தண்ணீருக்கும் வாயுவுக்கும் நடுவே நிற்கிற ஒரே சுவர், யாராவது பார்க்கும்போது மட்டும் சுவராக இருக்கிறது.

காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் அரணை உருவாக்கிய நாச்சியப்பன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். இன்றும் வாடா போடா உறவுதான். போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. அதுவே அவளுக்குக் கவலையாக இருந்தது. அவன் சாதாரணமாக அடுத்தவரை ஒரு வாக்கியம் முடிக்கவிடாதவன்.

“ஒரு கலவை நல்லதா கெட்டதான்னு எப்படிடா முடிவு பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“தட்டிப் பாத்துதான். ஆயிரம் கலவை போடுவோம். விரிசல் விடவச்சு ஒலியை அனுப்புவோம். எது நல்லாப் பிடிச்சிருக்கோ அதுல இருக்கிற உயிரை மட்டும் எடுத்து அடுத்த கலவையில போடுவோம். இப்படியே தலைமுறை தலைமுறையா வளத்தோம்.”

“ஒலி இல்லாம ஒரு தடவையாவது பாத்தீங்களா?”

“ஒலி இல்லாம எப்படி ஜோவி பாக்குறது? உள்ள என்ன இருக்குன்னு தெரியாதே.”

“அதுக்குத் தெரிஞ்சிருக்குடா.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு நாச்சியப்பன் ரொம்ப நிதானமாகப் பேசினான். அதற்கு ஊட்டுகிற சக்தி கொஞ்சம்தான் என்றான். முழு நீளத்தையும் எந்நேரமும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்க அது போதாது. ஒலி வருகிற இடத்துக்கு மட்டும் சக்தியை அனுப்பி விறைத்து நின்றுவிட்டு, மற்ற நேரம் தளர்ந்து கிடக்கும் உயிர் ஏதாவது ஒரு தலைமுறையில் பிறந்திருந்தால், எல்லாச் சோதனையிலும் அதுதான் ஜெயித்திருக்கும். ஜெயித்ததை எடுத்து எடுத்து வளர்த்தது அவனும் அவன் கூட்டாளிகளும்தான்.

“பிடிக்கிறதை வளக்கிறோம்னு நினைச்சுக்கிட்டு, பாஸ் பண்றதை வளத்துட்டோம் ஜோவி,” என்றான்.

சின்ன வயதிலிருந்து நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று ஜோவிட்டா நினைத்துக்கொண்டாள்.

திவாகரிடம் போனாள். கம்பெனி அலுவலகம் என்பது ஏ.சி. போட்ட ஒரு கண்டெய்னர். அங்கே ஏற்கெனவே பஞ்சாயத்துத் தலைவர் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி லாரிகள் ஊர்ச் சாலையைக் குதறிப்போட்டதைப் பற்றி வாரம் தவறாமல் வந்து சண்டை போடுவது அவர் வழக்கம். வந்தால் கொடுக்கிற காப்பியைக் குடிப்பார். அதற்காகச் சண்டையைக் குறைக்கமாட்டார். ஜோவிட்டா அவரை வெளியே போகச் சொல்லவில்லை. இருந்து கேட்கட்டும் என்று எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே சொன்னாள்.

திவாகர் கேட்டுக்கொண்டார். கேஜைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். மறுக்கவில்லை. அவள் எதிர்பாராதது அதுதான். தட்டினால் பிடிக்கிறது என்றால் தட்டிக்கொண்டே இருந்தால் போயிற்று என்றார். சின்னதாக ஓர் ஒலிப்பான், அதற்கு ஒரு சோலார் தகடு, கிணற்றிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். இது குறையே இல்லை, ஒரு பராமரிப்பு விஷயம் என்றார். பேசப் பேச அவருக்கே அந்த யோசனை பிடித்துப்போய் முகம் தெளிந்துவிட்டது.

பஞ்சவர்ணம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணு கேக்குறேன் சார். நீங்க ஒரு இருவது வருசம் வாயு எடுப்பீக. தீந்ததும் மூட்டையைக் கட்டிருவீக. அதுக்குப் பெறகு யாரு தட்டுவாக?”

கிணற்றை மூடிய பிறகு இடம் பஞ்சாயத்துக்கே திரும்ப வந்துவிடும் என்று திவாகர் விளக்கினார். ஒலிப்பானையும் தகட்டையும் கம்பெனி இலவசமாகவே விட்டுப்போகும் என்றும் சொன்னார்.

“எங்க ஊர்ல தெருவிளக்கே பாதி எரியல. பல்பு மாத்தச் சொல்லி நான் நடையா நடக்குறேன். இதுல எங்க பேரன், அவன் பேரன், அவனுக்குப் பேரன் எல்லாம் ராப்பகலா உங்க குழாயைத் தட்டிக்கிட்டு இருக்கணுமாக்கும். ஒரு நா ஓஞ்சா தண்ணி போச்சு.”

தொழில்நுட்பம் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று திவாகர் ஏதோ சொன்னார். ஜோவிட்டா உடனே தன் கோரிக்கையை வைத்தாள். அகன்ற இடத்தில் கேசிங்கைத் துளைக்க அனுமதி வேண்டும். அதற்கென்று ரிக்கில் ஒரு கருவி எப்போதும் உண்டு. கன் என்பார்கள். குழாய்க்குள் இறக்கி வெடித்தால் இரும்பைப் பொத்துக்கொண்டு மண்வரை ஓட்டை போடும். அந்த ஓட்டைகள் வழியே சாதாரணச் சிமெண்டை, காதும் இல்லாத மூக்கும் இல்லாத பழைய சிமெண்டை, அழுத்தித் தள்ளி இடுக்கை அடைத்துவிடலாம்.

திவாகரின் முகம் மாறியது. கன்னின் பின்விளைவு அவருக்கும் தெரியும். ஓட்டை விழுந்த கேசிங்குக்கு, ஒரே கேசிங் போதும் என்கிற அரண் சலுகை செல்லாது. உள்ளே இன்னொரு கேசிங்கை முழு நீளத்துக்கும் இறக்கிச் சிமெண்ட் போடாமல் ஓர் அடிகூட மேற்கொண்டு துளைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது மட்டுமானால்கூடப் பரவாயில்லை. இந்தக் கிணற்றைச் சுட்டால் ஏன் சுட்டீர்கள் என்று கேள்வி வரும். இதேபோல அரண் ஒன்றையே நம்பி மாவட்டம் முழுக்க நிற்கும் கிணறுகளைப் பற்றியும் அடுத்த கேள்வி வரும்.

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவள் இந்தக் கிணற்றின் சிமெண்ட் பொறுப்பில் இல்லை என்றார். பொறுப்பில் இல்லாதவர் கன்னைத் தொட முடியாது. இனி அவள் ஓய்வெடுக்கலாம்.

“எடுக்கலாம் சார். ஆனா இங்கதான் எடுப்பேன்,” என்றாள் ஜோவிட்டா. வெளியே வந்து, கேஜுக்கு எதிரே அந்தப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோபமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு திவாகர் வால்வைத் திறக்க ஆள் தேடினார். வழிவிட்டானைக் கேட்டார். துளைக்கச் சொன்னால் பாதாளம்வரை துளைக்கிறேன், திறக்க மட்டும் சொல்லாதீர்கள் என்று அவர் கைகூப்பிவிட்டார். துளைப்பாளர்களைக் கேட்டார். ஒருவனுக்குத் தோள்பட்டையில் பிடிப்பு. இன்னொருவனுக்குப் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், இந்த நேரத்தில் இதெல்லாம் செய்யக் கூடாதாம். திவாகரே ஒருதரம் வால்வுவரை நடந்து போனார். சக்கரத்தின்மேல் கைவைத்துவிட்டு, சுற்றிலும் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அந்தக் கிணற்றுக்குக் காலமெல்லாம் பதில் சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் மூளை உள்ள மனிதர். மறுநாள் மதியம் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவன் இஞ்ஞாசி. திருவாடானைப் பக்கத்து ரிக்கில் சிமெண்ட் பொறுப்பாளன். ஜோவிட்டாவின் கணவன்.

ரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் கை பெண்டாட்டி கைதானே, அவன் திறந்தால் வழக்கம் மீறியதாகாதே என்று அங்கங்கே முணுமுணுப்பு எழுந்தது. திவாகர் கணக்குப் போட்டது இதைத்தான். இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. இஞ்ஞாசி தன் கையால் அரண் போட்டுத் திறந்துவிட்ட கிணறுகள் நாலு. அவள் சொல்வது நிஜமென்றால் அந்த நாலும் பொய். தன் வேலையெல்லாம் பொய் என்று எந்த ஆண்பிள்ளை ஒத்துக்கொள்வான்?

இஞ்ஞாசி நேரே அவளிடம் வந்தான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் அப்படிக் கேட்காமல் இருந்ததே இல்லை.

“உனக்கு இது ஒரு கிணறு ஜோவி. எனக்கு நாலு.”

“அதுக்குத்தான் உங்களை அனுப்பியிருக்காங்க.”

“சோதனை எல்லாம் சுத்தமா இருக்குன்றாரு.”

“நான் சொல்றதை நம்ப வேணாம். அவர் சொல்றதையும் நம்ப வேணாம். ஓசையை நிறுத்திட்டு இந்த முள்ளுக்கு முன்னாடி உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். அவள் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் இருந்தால் தன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு அது வேண்டாம். தூரத்திலிருந்து பார்த்தபோது அவன் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நிமிர்ந்திருந்தது. போகப் போகக் குனிந்தது. கருவியை இறக்கி ஓசை விடச் சொன்னான். நிறுத்தச் சொன்னான். மறுபடி விடச் சொன்னான். தொழில் தெரிந்தவன், ஒருமுறை பார்த்து விட்டுவிடமாட்டான். ஒவ்வொரு தடவையும் தோற்றுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, இவ்வளவு நேரம் ஏன் பார்க்க வேண்டும் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் இஞ்ஞாசி எழுந்தான். அவளிடம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ரிக் மேடைக்கு ஏறினான். அங்கே திவாகர், வழிவிட்டான், ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். வேலிக்கு வெளியே பஞ்சவர்ணமும் ஊர்க்காரர்கள் சிலரும் வந்து நின்றிருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. என்ன நடக்கப்போகிறதென்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வால்வின் பக்கத்தில் போய் நின்றான். திறக்கப்போகிறான் என்றே ஜோவிட்டா நினைத்தாள்.

“கிணறு இப்ப என் பொறுப்பா சார்?” என்று இஞ்ஞாசி கேட்டான்.

ஆமாம் என்றார் திவாகர்.

“எல்லாரும் கேக்கிற மாதிரி சொல்லிருங்க.”

திவாகர் சந்தோஷமாகவே சொன்னார். இந்தக் கிணற்றின் சிமெண்டுக்கு இந்த நேரத்திலிருந்து இஞ்ஞாசிதான் பொறுப்பு, அவர் சொல்வதுதான் இங்கே முடிவு என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

இஞ்ஞாசி கம்பிக்காரர்கள் பக்கம் திரும்பினான். “கன்னை மாட்டுங்க,” என்றான். “அகலமா இருக்கே, அந்த இடத்துக்கு.”

திவாகருக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. விளங்கியதும் வேண்டாம் என்றார், நிறுத்து என்றார், பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. வழிவிட்டான் அவருக்கும் வால்வுக்கும் நடுவே வந்து நின்றார். ரொம்ப மரியாதையாகத்தான் நின்றார்.

“இத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டீக சார். வாய்ல வந்து வாய்ல போறதுக்கு இது டீக்கடைப் பேச்சா? கேசிங் விசயம்.”

கன் இறங்கியது. குழாய்க்குள் கனமான சேறு நிரம்பியிருந்ததால் வாயு சீறிவிடுமோ என்ற பயம் இல்லை. ஆழம் வந்ததும் கம்பிக்காரன் கையை உயர்த்தினான். இஞ்ஞாசி மேடையின் ஓரத்துக்கு வந்து கீழே நின்றவளைப் பார்த்தான்.

“ஏறி வா. சிமெண்ட் உன்னோடது. நீதான் சுடணும்.”

அவள் ஏறினாள். ஏறும்போது யாரோ வழிவிட்டார்கள், யாரோ கைகொடுத்தார்கள். பட்டனுக்கு மேலே சிவப்பு மூடி ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள். இதை அமுக்கினால் இனி எந்தக் கம்பெனியும் தனக்கு வேலை தராது என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே தராது. நினைத்துப் பார்த்துவிட்டு அமுக்கினாள்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. பாதத்தில் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டுக்காக அவள் ஜென்மம் முழுக்கக் காத்திருந்ததுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. திவாகர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். போனில் தலைமை அலுவலகத்துக்கு, கேசிங்கில் ஓட்டை, இரண்டாவது இரும்பு இறக்கித்தான் ஆக வேண்டும், இல்லை சார், வேறு வழியில்லை சார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இனி எவ்வளவு நன்றாக நடித்தாலும் ஓட்டை ஓட்டைதான்.

வேலிக்கு வெளியே பஞ்சவர்ணம் இனிமேல் தண்ணீருக்குப் பயமில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓட்டை வழியாகப் பழைய சிமெண்ட் போய் அடைத்துக்கொள்ளும், உள்ளே புது இரும்பு வரும், யாரும் தட்ட வேண்டியதில்லை என்று ஜோவிட்டா புரியும்படி சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் சாலையை எப்போது சரிசெய்வார்கள் என்று கேட்க மறக்கவில்லை.

இஞ்ஞாசி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். என் நாலு கிணற்றையும் போய் ஓசையில்லாமல் பார்க்க வேண்டும், இந்தச் சேதி போய்ச் சேர்ந்து கேட்டைப் பூட்டுவதற்குள் போக வேண்டும் என்றான். எதற்கு முதலில் போகலாம் என்று கேட்டான்.

“எதுல தண்ணி இன்னும் கெடலியோ அதுக்குப் போவோம். காப்பாத்த முடியிறதை முதல்ல காப்பாத்துவோம்.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“மூணுல கெடல,” என்றான். “மாவிலங்கேந்தல்ல கெட்டுப்போச்சு ஜோவி. போன வருசமே. ஒரு பொம்பள குடத்துல தண்ணியைத் தூக்கிக்கிட்டு கேட்டுக்கே வந்துச்சு. தீக்குச்சி கிழிச்சா தண்ணி மேல எரியுதுன்னு சொல்லுச்சு. நான் கருவியை இறக்கித் தட்டிப் பாத்தேன். அவ்வளவு சுத்தம். கம்பெனிகிட்ட ஏதாவது கறக்கலாம்னு வந்து பொய் சொல்லாதீங்கன்னு அனுப்பிட்டேன்.”

ஜோவிட்டாவுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரத்தில், இன்று மத்தியானம் அந்தக் கேஜின் முன்னால் அவன் முதுகு குனிந்துகொண்டே போனது முள்ளைப் பார்த்து மட்டுமில்லை என்றும் புரிந்தது.

“அப்ப முதல்ல அங்க,” என்றாள். “மத்த மூணும் ஒரு நாள் பொறுக்கும். அந்த ஊர் முன்னாடி நின்னு, நீங்க சொன்னதுதான் நிஜம்னு சொல்லணும். நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்.”

அவன் தலையசைத்தான். கம்பெனி ஜீப்பைத் தரக் கூடாது என்று திவாகர் படியிலிருந்தபடியே சத்தம் போட்டார். பஞ்சவர்ணம் தன் பழைய காரின் கதவைத் திறந்துவிட்டு, முன் இருக்கையில் இருந்த பையை எடுத்துப் பின்னால் போட்டார். நானும் வருகிறேன், அந்த ஊருக்கும் ஒரு தலைவர் இருப்பாரில்லையா, அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

காரில் ஏறப்போன இஞ்ஞாசி ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றான்.

“அந்தப் பொம்பள பேரைக்கூட நான் கேக்கல ஜோவி.”

“போய்க் கேளுங்க,” என்றாள் அவள்.